ஃபன்டவுனுக்குப் போக முடியாத சிறுமி

1955-ம் ஆண்டு ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்ற ஊரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அதே வருடம் நவம்பர் 17, அதாவது சரியாக நான்கு மாதம் கழித்து, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரத்தில் ஒரு இளம் பாதிரியாருக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பெயர் யோலாண்டா. அந்தப் பாதிரியாரின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றுமே இல்லை. ஆனால் அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து விடுமுறையில் தீம் பார்க் போவது என்ற பழக்கம் எப்படி வந்தது, அது யாருக்காக வந்தது என்று தேடிப் போனால் இந்த இரண்டு தேதிகளும் ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. அந்த இடம் ஒரு டி.வி. பெட்டி!

டிராம் கம்பெனிகளின் தந்திரம்

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். கேளிக்கைப் பூங்காக்கள் டிஸ்னி கண்டுபிடித்தவை அல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் டிவோலி பூங்கா 1843-லேயே திறக்கப்பட்டுவிட்டது. நியூயார்க் பக்கத்தில் கோனி ஐலேண்ட் கடற்கரையில் 1895-ல் சீ லயன் பார்க், 1897-ல் ஸ்டீபிள்சேஸ் பார்க், 1903-ல் லூனா பார்க் என்று வரிசையாக வந்தன. சுற்றிலும் வேலி போட்டு, வாசலில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் முறை அங்கேதான் வேரூன்றியது.

மற்ற ஊர்களில் இந்தப் பூங்காக்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் டிராம் கம்பெனிக்காரர்கள். காரணம் ரொம்ப எளிமையானது. வாரநாட்களில் வேலைக்குப் போகிறவர்களால் டிராம் நிரம்பி வழியும். சனி ஞாயிறுகளில் காலியாக ஓடும். அதனால் டிராம் பாதை முடிகிற இடத்தில் ஒரு பூங்கா. அதில் ராட்டினம், நீச்சல் குளம், நடன மண்டபம். பூங்காவுக்குப் போக வேண்டுமென்றால் டிராமில்தானே போக வேண்டும்? லாபத்துக்கு லாபம், கூட்டத்துக்குக் கூட்டம்.

ஆனால் இந்தப் பூங்காக்கள் குழந்தைகளை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. வாரக் கூலி வாங்கிய இளைஞர்களும் யுவதிகளும் ஒரு நாள் மாலையைக் கழிக்கும் இடங்கள் அவை. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நிறைய பூங்காக்கள் மூடப்பட்டன. மிஞ்சியவற்றில் பெயிண்ட் உரிந்த ராட்டினங்களும் குப்பையும்தான்.

பெஞ்சில் உட்கார்ந்த அப்பா

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அங்கே குதிரைகள் வைத்த ஒரு சுற்று ராட்டினம் உண்டு. வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்கள் டயான், ஷரோன் ஆகியோரை வாராவாரம் வெளியே கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் குதிரையில் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்க, அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து சந்தோஷமாக இருக்க ஒரு இடம் ஏன் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது என்று டிஸ்னியே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சின்ன யோசனைதான். ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. அதுவரை பூங்காவில் பிள்ளை விளையாடும், பெரியவர் காத்திருப்பார். அல்லது பெரியவர் ஆடுவார், பிள்ளை வீட்டில் இருக்கும். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறும் இடத்தை டிஸ்னி கட்ட நினைத்தார்.

கையில் போதுமான பணம் இல்லை. வங்கிகள் யோசித்தன. அப்போது கைகொடுத்தது ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம். ஒப்பந்தம் இதுதான்: டிஸ்னி ஏபிசிக்கு வாரம் ஒரு டி.வி. நிகழ்ச்சி தயாரித்துத் தர வேண்டும், பதிலுக்கு ஏபிசி பூங்காவில் 5 லட்சம் டாலர் முதலீடு செய்து வங்கிக் கடனுக்கும் ஜாமீன் நிற்கும். 1954 அக்டோபரில் நிகழ்ச்சி ஆரம்பமானது. நிகழ்ச்சியின் பெயரே 'டிஸ்னிலேண்ட்'தான். பூங்காவின் வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. ஆனால் நாடு முழுக்க இருந்த பிள்ளைகள் வாராவாரம் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதன் பலத்தைப் புரிந்துகொள்ள இரண்டு கணக்குகள் போதும். 1950-ல் அமெரிக்காவில் 100 வீடுகளில் 9 வீடுகளில்தான் டி.வி. இருந்தது. 1960-ல் அது ஏறக்குறைய 90 வீடுகள்! இன்னொன்று, இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு 1946 முதல் 1964 வரை அந்த நாட்டில் சுமார் 7 கோடியே 60 லட்சம் குழந்தைகள் பிறந்தன. வீட்டுக்கு வீடு டி.வி., அதற்கு முன்னால் குழந்தைகள். இதைவிட என்ன வேண்டும்?

வெயிலில் உருகிய தார்

160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம். 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவு. ஒரே வருடத்தில் கட்டி முடித்தார்கள். முடித்தார்கள் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். திறப்பு நாளன்று கள்ள டிக்கெட்டுகளால் கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிகவும் பெருகி 28,000 பேர் வரை வந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் ரோட்டிலேயே மாட்டிக்கொண்டன. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் கழிவறையா, குடிநீர்க் குழாயா, எது வேண்டும் என்ற நிலை வந்தபோது டிஸ்னி கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். தாகத்தில் தவித்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

இருந்தும் இரண்டு மாதத்துக்குள் 10 லட்சம் பேர் வந்து போனார்கள். நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 1 டாலர், பிள்ளைக்கு அரை டாலர். ஒவ்வொரு சவாரிக்கும் தனி டிக்கெட்.

டிஸ்னிலேண்டின் அமைப்பில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய பூங்காக்களுக்குப் பல வழிகள் இருக்கும். இதற்கு ஒரே ஒரு வாசல். சுற்றிலும் உயரமான மண்மேடு எழுப்பி, அதன்மேல் ரயில் ஓடவிட்டார்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் தெரியவே கூடாது! குப்பை விழுந்தால் உடனே கூட்டுவதற்கு ஆட்கள். மதுபானம் கிடையாது. டிராம் போய் நிற்கும் இடத்தில் அல்ல, புதிதாகப் போடப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை ஓரத்தில் பூங்கா இருந்தது. அதாவது கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கான இடம்.

மறு வருடமே, 1956-ல், 41,000 மைல் நெடுஞ்சாலை போடும் சட்டம் வந்தது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் விடுமுறை கிடைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும் காரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பின் சீட்டில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு கிளம்புவது அமெரிக்கக் குடும்பங்களின் வழக்கமாகவே ஆகிப்போனது. கார், நெடுஞ்சாலை, டி.வி., விடுமுறை... நான்கும் சேர்ந்ததுதான் தீம் பார்க் பயணம்.

அதே சாலை, வேறு பயணம்

ஆனால் அதே சாலையில் கறுப்பினக் குடும்பம் ஒன்று கிளம்பினால்?

வழியில் எந்த ஓட்டலில் அறை கொடுப்பார்கள், எந்த பெட்ரோல் பங்கில் கழிவறைச் சாவி தருவார்கள் என்பது தெரியாமல் பிள்ளைகளோடு கிளம்ப முடியாது. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-ல் இதற்காகவே ஒரு கையேடு போட ஆரம்பித்தார். 'கிரீன் புக்' என்று பெயர். கறுப்பினத்தவரை மரியாதையாக நடத்தும் தங்குமிடங்கள், சாப்பாட்டுக் கடைகள், சவரக் கடைகள் என்று ஊர்வாரியாகப் பட்டியல். 1960-கள் வரை அது வந்துகொண்டிருந்தது. பல குடும்பங்கள் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொண்டு, எங்கும் நிறுத்தாமல் இரவு முழுக்க ஓட்டிக்கொண்டு போயின. பின் சீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஜாலி. அப்பா ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

டிஸ்னிலேண்டில் கறுப்பினத்தவருக்கு அனுமதி உண்டு. ஆனால் டிஸ்னிலேண்ட் நாட்டின் ஒரு ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு பூங்கா. மற்ற குழந்தைகளுக்கு உள்ளூர்ப் பூங்காதான் டிஸ்னிலேண்ட். அந்த உள்ளூர்ப் பூங்காக்கள் பலவற்றின் வாசலில் வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. தென் மாநிலங்களில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் தவறு. ஒஹாயோ, மேரிலாண்ட் எங்கும் இதே கதை. டெக்சாஸ் மாநிலக் கண்காட்சியில் கறுப்பினத்தவருக்கென்று தனி நாள் ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். மற்ற நாட்களில் ராட்டினம் அவர்களுக்காகச் சுற்றாது.

பூங்கா முதலாளிகள் சொன்ன காரணம் வியாபாரம். அவர்களை உள்ளே விட்டால் வெள்ளைக்காரர்கள் வர மாட்டார்கள் என்றார்கள். நீச்சல் குளத்திலும் நடன மண்டபத்திலும் இளைஞர்களும் யுவதிகளும் நிறம் பாராமல் கலந்துவிடுவார்கள் என்ற பயம்தான் உள்ளே இருந்தது.

எல்லாக் குழந்தைகளுக்குமா?

ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டி நகரத்தில் ஒரு பூங்கா. அதன் பெயரும் கோனி ஐலேண்ட்தான். நியூயார்க்கைப் பார்த்து வைத்த பெயர். 1952-ல் அங்கே வரச்சொல்லி விளம்பரம் வந்தது. மரியன் ஸ்பென்சர் என்ற தாயின் இரண்டு மகன்கள் அதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்கள்.

ஸ்பென்சர் பூங்காவுக்குப் போன் செய்தார். எல்லாக் குழந்தைகளும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்று பதில் வந்தது. நாங்கள் கறுப்பினத்தவர் என்றார். உடனே பதில் மாறியது. அவர்கள் வர முடியாது.

கவனியுங்கள். போனை எடுத்தவர் முதலில் சொன்னது பொய் இல்லை. 'எல்லாக் குழந்தைகளும்' என்றால் வெள்ளைக் குழந்தைகள் எல்லோரும் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் புரிந்த அர்த்தம். அந்த வார்த்தைக்குள் தன் பிள்ளைகள் இல்லை என்பதை அந்தத் தாய் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஸ்பென்சர் சும்மா இருக்கவில்லை. நேரில் போனார். காவலாளி தடுத்தார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி துணையோடு வழக்குப் போட்டார். 1955-ல் பூங்காவின் கதவு திறந்தது. ஆம், டிஸ்னிலேண்ட் திறந்த அதே வருடம்! ஆனால் நீச்சல் குளமும் நடன மண்டபமும் திறக்க 1961 ஆனது. பின்னாளில், 1983-ல், சின்சினாட்டி நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்மணி இதே மரியன் ஸ்பென்சர்தான்.

ராட்டினத்தில் உட்கார்ந்த மாணவர்கள்

தலைநகர் வாஷிங்டனை ஒட்டி மேரிலாண்ட் மாநிலத்தில் கிளென் எக்கோ பார்க் இருந்தது. அதுவும் டிராம் போய் நிற்கும் பூங்காதான். 1921-ல் செய்த அழகான மரக்குதிரை ராட்டினம் அதன் அடையாளம். 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் டிக்கெட்டுகளோடு உள்ளே போய் அந்தக் குதிரைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

ராட்டினம் சுற்றவில்லை. காவலாளி வந்தார். அவருக்கும் லாரன்ஸ் ஹென்றி என்ற மாணவருக்கும் நடந்த பேச்சு ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. நீ என்ன இனம் என்று காவலாளி கேட்டார். மனித இனம் என்றார் ஹென்றி.

ஐந்து பேர் கைது செய்யப்பட்டார்கள். அன்றிலிருந்து கோடை முழுக்க வாசலில் மறியல். பக்கத்துக் குடியிருப்பில் இருந்த வெள்ளையர்களும் பிள்ளைகளோடு வந்து மறியலில் நின்றார்கள். எதிர்ப்பக்கம் அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர்கள் பதாகை பிடித்தார்கள். குதிரை ராட்டினம் வாசலில் நாஜிகள்!

1961-ல் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. கைது வழக்கு மட்டும் உச்சநீதிமன்றம் வரை போனது. பூங்கா தனியார் சொத்து, யாரை விடுவது என்பது முதலாளி இஷ்டம் என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆனால் கைது செய்த காவலாளி மாவட்ட ஷெரீப்பின் துணை அதிகாரி என்ற பேட்ஜ் அணிந்திருந்தார். அரசாங்கத்தின் அதிகாரத்தைக் கொண்டு நிறபேதத்தை நிலைநாட்ட முடியாது என்று சொல்லி 1964-ல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

சிறையிலிருந்து ஒரு கடிதம்

இப்போது யோலாண்டாவிடம் வருவோம். அவள் பிறந்து இரண்டு வாரத்தில், 1955 டிசம்பர் 1 அன்று, மாண்ட்கோமரி பஸ்ஸில் ரோஸா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார். அந்தப் பஸ் புறக்கணிப்பைத் தலைமை தாங்கி நடத்தியதில் அவள் அப்பா நாடறிந்த மனிதர் ஆனார். பிறகு குடும்பம் அட்லாண்டா நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

அட்லாண்டாவில் ஃபன்டவுன் என்று ஒரு புதுப் பூங்கா. டி.வி.யில் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. யோலாண்டா அதைப் பார்த்தாள். போக வேண்டும் என்றாள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே? அப்பாவும் அம்மாவும் ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டார்கள். ஒரு கட்டத்தில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

நாடு முழுக்க மேடைகளில் முழங்கியவர் கிங். அவருக்கு ஆறு வயது மகளிடம் வார்த்தை வரவில்லை. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகரத்தில் போராட்டம் நடத்தியதற்காகக் கைது செய்யப்பட்டபோது அதை எழுதினார். 'இந்தப் போராட்டம் அவசரப்பட்டது' என்று வெள்ளை மதகுருமார்கள் எட்டுப் பேர் விட்டிருந்த அறிக்கைக்குப் பதிலாக, சிறைக்குள் செய்தித்தாளின் ஓரங்களில் எழுத ஆரம்பித்த கடிதம் அது. ஏப்ரல் 16 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் சட்டம், நீதி, மதம் என்று பெரிய பெரிய விஷயங்கள் வருகின்றன. இன்னும் காத்திருங்கள் என்று சொல்பவர்களுக்கு ஏன் காத்திருக்க முடியாது என்று விளக்கும் இடத்தில், ஃபன்டவுனும் வருகிறது. டி.வி.யில் பார்த்த பூங்காவுக்குத் தான் ஏன் போகக்கூடாது என்று கேட்கும் மகளுக்குப் பதில் சொல்ல நாக்கு குழறுவதையும், அவள் கண்ணில் நீர் திரள்வதையும், தான் தாழ்ந்தவள் என்ற எண்ணம் அந்தப் பிஞ்சு மனதில் படர ஆரம்பிப்பதையும் அவர் சொல்கிறார்.

ஓட்டுரிமை, பஸ் இருக்கை, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ பெரிய அநியாயங்கள் இருக்க, ராட்டினத்தை ஏன் சொன்னார்? ஓட்டுரிமை பறிபோனது ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. ராட்டினம் தெரியும். பெற்றோர் எவ்வளவோ மறைத்து வளர்த்தாலும், டி.வி. வீட்டுக்குள் வந்து கூப்பிட்டுவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பது எந்த நிறக் குழந்தை என்பது விளம்பரத்துக்குத் தெரியாது. வாசலுக்குத் தெரியும். அழைத்தவன் ஒருவன், விரட்டுபவன் வேறொருவன். நடுவில் மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்பா அம்மா.

பர்மிங்ஹாமின் நிலைமை இன்னும் மோசம். நகரப் பூங்காக்களில் நிறபேதம் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதும், அங்கிருந்த நிர்வாகம் 1962-ல் பூங்காக்களையே பூட்டிவிட்டது. கறுப்புக் குழந்தை ஊஞ்சல் ஆடுவதைவிட வெள்ளைக் குழந்தையும் ஆடாமல் இருப்பதே மேல் என்று! 1963 மே மாதம் அதே நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்து நாய்களை ஏவியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. ராட்டினத்தைக் காட்டிய அதே டி.வி.

பதினோரு மாதக் குழந்தையின் சவாரி

பால்டிமோர் நகரத்தை ஒட்டி க்வின் ஓக் பார்க் இருந்தது. அங்கே 'எல்லா நாட்டவர் தினம்' என்று ஒரு விழாவே நடக்கும், கறுப்பினத்தவர் இல்லாமல்! 1955 முதல் அதன் வாசலில் போராட்டம் நடந்துவந்தது. 1963 ஜூலை 4, சுதந்திர தினத்தன்று பாதிரியார்களும் யூத மதகுருமார்களும் சேர்ந்து உள்ளே நுழைய முயன்றார்கள். ஒரே நாளில் 283 பேர் கைது. மூன்று நாள் கழித்து மறுபடியும் கைதுகள். பூங்கா முதலாளிகள் இறங்கிவந்தார்கள்.

எல்லோருக்கும் கதவு திறந்த நாள் 1963 ஆகஸ்ட் 28. அன்று ஷரோன் லாங்லி என்ற பதினோரு மாதக் குழந்தையை அவள் அப்பா ராட்டினக் குதிரையில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். அங்கே ராட்டினம் ஏறிய முதல் கறுப்பினக் குழந்தை அவள்தான். மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது.

அதே நாளில், அங்கிருந்து சுமார் 40 மைல் தூரத்தில், வாஷிங்டனில் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் கிங் தன் கனவைப் பற்றிப் பேசினார். தன் நான்கு பிள்ளைகளைப் பற்றியும் அதில் சொன்னார். அந்த நால்வரில் மூத்தவள் யோலாண்டா. இந்த இரண்டும் ஒரே நாளில் அமைந்தது யாரும் திட்டமிட்டதல்ல. க்வின் ஓக்கின் ராட்டினம் பின்னர் 1981-ல் வாஷிங்டனுக்கே, கிங் பேசிய அதே பெரும் மைதானத்துக்கு, கொண்டுவரப்பட்டது.

1964 ஜூலை 2-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. பொது இடங்களில் நிறத்தைப் பார்த்து வாசலை மூடுவது சட்டவிரோதம் ஆனது. அதற்குள் ஃபன்டவுனும் சத்தமில்லாமல் மாறிவிட்டது. கிங் யோலாண்டாவை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே வெள்ளையர்கள் சிலர் வந்து, நீங்கள் டாக்டர் கிங் தானே, இது உங்கள் மகள் தானே என்று விசாரித்து, நீங்கள் வந்ததில் சந்தோஷம் என்று சொன்னதையும், அதை மகள் காதால் கேட்டதையும் 1965-ல் வெளியான ஒரு பேட்டியில் அவர் சொல்லியிருக்கிறார். எத்தனையோ வெற்றிகள் பெற்ற மனிதர். ஒரு அப்பாவாக இதுதான் அவருக்குப் பெரிய வெற்றியாக இருந்திருக்கும் போல.

வாசல் மாறியது

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

சிகாகோவின் ரிவர்வியூ 1967-ல் மூடப்பட்டது. கிளென் எக்கோ 1968-க்குப் பிறகு திறக்கவில்லை. 1969-ல் கிளீவ்லாண்டின் யூக்ளிட் பீச், 1971-ல் நியூயார்க் பக்கத்துப் பாலிசேட்ஸ். சின்சினாட்டியின் கோனி ஐலேண்டும் 1971-ல் மூடப்பட்டு அதன் சவாரிகள் பல வேறு இடத்துக்குப் போயின. நிலத்தின் விலை ஏறியது, வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோயின, டிராம்கள் நின்றுபோயின, ஒரு சில இடங்களில் கலவரமும் நடந்தது. காரணங்கள் பல. விளைவு ஒன்றுதான்: டிராமில் சில்லறைக் காசு கொடுத்துப் போகும் பூங்கா, எல்லோருக்கும் திறந்த சில வருடங்களிலேயே காணாமல் போக ஆரம்பித்தது.

அதன் இடத்தில் நெடுஞ்சாலை ஓரத் தீம் பார்க்குகள் வந்தன. 1961-ல் டெக்சாஸில் சிக்ஸ் ஃபிளாக்ஸ், 1967-ல் அட்லாண்டா பக்கத்தில் அதன் கிளை, 1971 அக்டோபர் 1 அன்று ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட், 1972-ல் சின்சினாட்டிக்கு வெளியே கிங்ஸ் ஐலேண்ட். இங்கே யாரும் நிறம் கேட்பதில்லை. ஆனால் கார் வேண்டும், ஓட்டல் அறை வேண்டும், விடுமுறை வேண்டும். ஒரு நாள் மாலைப் பொழுதாக இருந்தது ஒரு வாரப் பயணமாக மாறியது.

விலையைப் பாருங்கள். 1955-ன் 1 டாலர் 2025-ன் சுமார் 12 டாலருக்குச் சமம். சவாரி டிக்கெட்டுகளைச் சேர்த்தாலும் ஒருவருக்கு நாற்பது ஐம்பது டாலருக்குள் அடங்கிவிடும். 2025-ல் டிஸ்னிலேண்டில் ஒரு நாள் டிக்கெட் குறைந்தபட்சமே 100 டாலருக்கு மேல். கூட்டம் அதிகமான நாட்களில் 200 டாலரைத் தாண்டியது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எது விடுமுறையோ, அதுவே கூட்டம் அதிகமான நாள்! மற்ற நாளில் மலிவாகப் போகலாம் என்றால் பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. தீம் பார்க்கில் பணக்காரரும் சாதாரணரும் ஒன்றாக நிற்கும் இடம் வரிசைதான். 1999-ல் டிஸ்னி வேர்ல்டில் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தது. காத்திருக்காமல் நேரம் குறித்துக்கொண்டு வரலாம். அது இலவசம், டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் உண்டு. 2021-ல் அதை நிறுத்திவிட்டு, காசு கொடுத்தால்தான் முன்னால் போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது வரிசையில் நிற்கும் குழந்தை, தன்னைத் தாண்டிப் போகும் இன்னொரு குழந்தையைப் பார்த்து அப்பாவிடம் 'ஏன்பா?' என்று கேட்கும்.

காசு இல்லாததும் நிறத்தால் விரட்டப்படுவதும் ஒன்றல்ல. அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காசு இன்று இல்லாவிட்டால் நாளை சேர்க்கலாம். யோலாண்டாவின் அப்பாவிடம் டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. அதை வாங்கத்தான் வாசலில் ஆள் இல்லை.

யோலாண்டா கிங் வளர்ந்து நடிகையானார், மேடைப் பேச்சாளரானார். அப்பாவின் போராட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் ஊர் ஊராகப் பேசினார். 2007 மே 15 அன்று தன் 51-வது வயதில் காலமானார். வால்ட் டிஸ்னி அதற்கு முன்பே, 1966-ல், மறைந்துவிட்டார். அவர் கனவு கண்டது அப்பாவும் மகளும் ஒரே வண்டியில் ஏறும் இடம். அந்தக் கனவை எல்லா அப்பாவுக்கும் எல்லா மகளுக்கும் உண்மையாக்கியது டிஸ்னி மட்டுமல்ல. போன் செய்த ஒரு தாய், குதிரைமேல் உட்கார்ந்து இறங்க மறுத்த சில மாணவர்கள், கைதான 283 பேர், பதில் சொல்ல வார்த்தை கிடைக்காமல் தவித்து அதைக் கடிதமாக எழுதிய ஒரு அப்பா... இவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த முறை டி.வி.யில் 'குழந்தைகளே, வாருங்கள்' என்று ஒரு பூங்கா விளம்பரம் கூப்பிடும்போது, எந்தக் குழந்தைகளை என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மரியன் ஸ்பென்சர் போனில் கேட்டதும் அதைத்தான்.